தீர்வு இருக்கிறது, சரி. அது வழவழப்பாக இருக்குமா?

சேலத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "மாறுபாட்டு நுண்கணிதத்தில் ஆய்லர் சமன்பாட்டைத் தீர்த்தால் குறைந்தபட்சம் கிடைத்துவிடுகிறது. அந்தச் சமன்பாட்டிலேயே இரண்டாம் வகைக்கெழு இருக்கிறது. அப்படியென்றால் தீர்வு என்றாலே இரண்டு முறை வகையிடத்தக்கது என்றுதானே பொருள்? பிறகு ரெகுலாரிட்டி என்று தனியாக ஒரு துறை எதற்கு?"

நல்ல கேள்வி. எந்த வளைகோட்டுக்கு மொத்தச் செலவு மிகக் குறைவு என்று தேடுவது மாறுபாட்டு நுண்கணிதம்; அந்த வளைகோட்டுக்கு எழுதும் சமன்பாடு ஆய்லருடையது; கிடைத்த தீர்வு எத்தனை முறை வகையிடத்தக்கது, அதாவது எவ்வளவு வழவழப்பு, என்று பார்ப்பது ரெகுலாரிட்டி. பாடப்புத்தகம் சொல்லாமல் தாண்டிப்போகும் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் "என்றுதானே பொருள்" என்று முடித்தீர்களே, அந்த முடிவு தவறு. ஆய்லர் சமன்பாட்டை வருவித்த விதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். நடுவில் பகுதித் தொகையிடல் செய்கிறோம். அந்த வரியை எழுதும்போதே இரண்டாம் வகைக்கெழு இருப்பதாக எடுத்துக்கொண்டாயிற்று. ஆக, அந்தத் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: குறைந்தபட்சம் தரும் சார்பு இரண்டு முறை வகையிடத்தக்கதாக இருந்தால், அது இந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் சாவியைத் தேடிவிட்டு, சாவி வீட்டுக்குள்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது போல ஆகிவிடும். சாவி வாசல் திண்ணையில் கிடக்கலாம்.

திண்ணையில் கிடக்கும் சாவியை உங்கள் ஊரிலேயே காட்டுகிறேன். ஏற்காடு ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஏற வேண்டியது 1200 மீட்டர் என்று வைப்போம். மலைச்சரிவைச் சாய்த்து வைத்த ஒரு பெரிய பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, இல்லையென்றால் பஸ் திணறும் என்று ஒரு விதி போடுவோம். இது கணக்குக்காக நான் போடும் விதி, உண்மைச் சாலையின் எண் அல்ல. நாம் போய்ச் சேர வேண்டிய இடம் நமக்கு நேர் மேலே இருக்கிறது. மிகக் குறைந்த நீளமுள்ள சாலை எது?

மீட்டருக்கு இருபதில் ஒரு பங்குதான் ஏற முடியும் என்றால், 1200 மீட்டர் ஏற எந்தச் சாலைக்கும் 24 கிலோமீட்டராவது வேண்டும். அந்த 24-ஐத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு மீட்டரிலும் முழு அளவு ஏறியே ஆக வேண்டும். சாய்ந்த பலகையில் சரியாக அந்த ஏற்றத்தில் போக இரண்டே இரண்டு திசைகள்தான்: இடப்பக்கம் சாய்ந்து ஏறுவது, வலப்பக்கம் சாய்ந்து ஏறுவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாகத் திரும்பினால், நடுவில் ஒன்று நேர்மேலே ஏற வேண்டும், அதற்கு விதி இடம் கொடாது. அல்லது சமதளமாக ஓட வேண்டும், அங்கே நீளம் வீணாகும். ஆகவே மிகக் குறைந்த நீளச் சாலைகள் எல்லாவற்றுக்கும் கூர்முனை உண்டு. வழவழப்பான சாலை ஒன்றுகூட 24 கிலோமீட்டரைத் தொடாது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். குறைந்தபட்சம் இருக்கிறது, அதன் மதிப்பு தெரியும், ஆனால் அந்த வளைகோட்டுக்கு முனையில் முதல் வகைக்கெழுவே கிடையாது. ஒரே முனையில் முடித்தாலும் 24, இருபது முனை வைத்தாலும் 24. எத்தனையோ தீர்வுகள், அத்தனையும் கூரானவை.

இன்னொரு நிபந்தனை சேருங்கள். நேர்மேலே போகும் கோட்டை விட்டுச் சாலை விலகினால், விலகும் அளவுக்கு அபராதம். இப்போது 10 வளைவைவிட 20 நல்லது, 20-ஐவிட 40 நல்லது, 40-ஐவிட 80. எந்த எண்ணிக்கையில் நிறுத்தினாலும் அதைவிட நல்ல சாலை உண்டு. எல்லையில் கிடைப்பது நேர்க்கோடு, ஆனால் அதில் பஸ் ஏற முடியாது. குறைந்தபட்சம் இல்லவே இல்லை, கீழ் எல்லை மட்டும்தான் இருக்கிறது. நிஜத்தில் பொறியாளர் வளைவு ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவையும் பார்ப்பார். அதனால்தான் எண்ணிக்கை ஓர் இடத்தில் நிற்கிறது.

இங்கே குழப்பத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று. இடம் சரி, வலம் சரி, இரண்டுக்கும் நடுவிலுள்ள திசை கூடாது. இதைத்தான் குவிவுத்தன்மை இல்லை என்கிறோம். ரெகுலாரிட்டித் துறையின் முதுகெலும்பு இந்தச் சொல்தான். இரண்டு சரிவுகளின் சராசரிக்கு ஆகும் செலவு, அவற்றின் செலவுகளின் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் செலவு கண்டிப்பாகக் குவிந்தது. அப்போது கோணல்மாணலாகப் போவதில் லாபம் கிடையாது, நேராகப் போவதே மலிவு.

ஒற்றை மாறியில் இதை ஒரு பத்தியிலேயே நிறுவலாம். வளைகோட்டில் ஓர் இடத்தில் முனை இருக்கிறது, இடப்பக்கம் ஒரு சரிவு, வலப்பக்கம் வேறு சரிவு என்று கொள்ளுங்கள். சரிவைக் கொஞ்சம் கூட்டினால் செலவு எவ்வளவு கூடும் என்பதை இரு பக்கமும் கணக்கிடுங்கள். அதாவது செலவைச் சரிவைப் பொறுத்து வகையிடுங்கள். இரு பக்கமும் அந்த விலை ஒன்றாக இல்லாவிட்டால், விலை கூடிய பக்கத்திலிருந்து கொஞ்சம் ஏற்றத்தை எடுத்து மலிவான பக்கத்துக்கு மாற்றி மொத்தச் செலவைக் குறைத்துவிடலாம். குறைந்தபட்சத்தில் அது நடக்காது. எனவே இரு பக்க விலையும் சமம். இதுதான் வையர்ஸ்ட்ராஸ்–எர்ட்மான் முனை நிபந்தனை. எர்ட்மான் வெளியிட்டது 1877-இல். செலவு கண்டிப்பாகக் குவிந்ததாக இருந்தால், சரிவு கூடக் கூட அந்த விலையும் கூடிக்கொண்டே போகும். வேறு வேறு சரிவுக்கு வேறு வேறு விலை. விலை சமம் என்றால் சரிவும் சமம். முனை இல்லை! இரண்டு வருடம் பாடம் படித்தவருக்கு இதைவிட அழகான நிறுவல் ஒன்று காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு இரண்டாம் வகைக்கெழு எங்கும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அதன்பின் ஒவ்வொரு வகைக்கெழுவாகத் தானே வந்து சேரும்.

சரி, அப்படியானால் குவிவு இருந்தால் போதும், வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. முனை என்றால் இரு பக்கமும் சரிவு முடிவுள்ள எண் என்று வைத்துக்கொண்டோம். சரிவு எல்லையில்லாமல் போய்விட்டால்? 1926-இல் லவ்ரென்டியெவ் ஒரு விசித்திரத்தைக் கண்டார். 1934-இல் மானியா அதற்கு எளிய உதாரணம் தந்தார். பூச்சியத்தில் பூச்சியம், ஒன்றில் ஒன்று என்று முனைப்புள்ளிகள். உயரத்தின் கனத்திலிருந்து தூரத்தைக் கழித்து வர்க்கப்படுத்துங்கள். சரிவின் ஆறாம் அடுக்கால் பெருக்குங்கள். அதுதான் செலவு. உயரம் என்பது தூரத்தின் கனமூலம் என்று எடுத்தால் செலவு பூச்சியம், இதற்குக் கீழே போக முடியாது. ஆனால் கனமூலத்தின் சரிவு தொடக்கப் புள்ளியில் முடிவிலி. சரிவுக்கு ஏதாவது ஒரு வரம்பு உள்ள சார்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றின் செலவு ஒரு குறிப்பிட்ட மிகை எண்ணுக்குக் கீழே இறங்குவதே இல்லை. கனமூலத்தை எவ்வளவு நெருக்கமாக ஒட்டி வரைந்தாலும் அந்தப் பள்ளம் தாண்டப்படாது. கம்ப்யூட்டரில் சிறுசிறு நேர்த்துண்டுகளாக வெட்டிக் குறைந்தபட்சம் தேடுகிறோமே, அந்த முறை இங்கே தவறான விடையை உறுதியோடு கொடுக்கும். துண்டுகளை ஆயிரம் மடங்கு சிறிதாக்கினாலும் அதே தவறுதான். ரெகுலாரிட்டி வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மானியாவின் செலவு கண்டிப்பாகக் குவிந்தது அல்ல, அதனால்தான் இப்படி என்று நீங்கள் சொல்லலாம். ஜான் பாலும் விக்டர் மைசெலும் 1985-இல் கண்டிப்பாகக் குவிந்த, வழவழப்பான செலவுக்கே இப்படிக் கெட்டுப்போகும் குறைந்தபட்சத்தைக் காட்டினார்கள். ஆறுதல் ஒன்று உண்டு: டொனெல்லி 1915-இலேயே, அப்படிக் கெட்டுப்போகும் புள்ளிகள் சேர்ந்தாலும் அவற்றின் மொத்த நீளம் பூச்சியம்தான் என்று காட்டியிருந்தார்.

இப்போது, வழவழப்பான சார்புகளுக்குள்ளேயே தேடினால் இந்தத் தொல்லை எல்லாம் வராதே என்று கேட்பீர்கள். ஏன் வெளியே போனோம் என்பதற்கு ஒரு பழைய வகுப்பறைக் கதை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர், என் மாணவர் ஒருவரின் மாமா, வெள்ளிக் கம்பியில் 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு வளையங்கள் பற்றவைத்துக் கொடுத்தார். இரண்டையும் ஒட்டினாற்போல் பிடித்து, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, சற்றே விலக்கி, நடுவில் இருக்கும் தட்டைப் படலத்தை ஈரமில்லாத விரலால் உடைத்துவிட்டு, மேலும் மெல்ல விலக்கினால் இரண்டுக்கும் நடுவே இடுப்பு ஒடுங்கிய ஒரு படலம் நிற்கும். பரப்பளவைக் குறைத்துக்கொள்ளத் துடிக்கும் படலம் அது. வளையங்களுக்கு இடையே தூரம் கூடக்கூட இடுப்பு இன்னும் ஒடுங்கும். 4 சென்டிமீட்டரை நெருங்கும்போது பட்டென்று நடுவில் அறுந்து, இரண்டு வளையத்திலும் இரண்டு தட்டைப் படலமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கணக்கும் அதையேதான் சொல்கிறது: ஆரத்தைப் போல் 1.325 மடங்குக்கு மேல் அந்த இடுப்புப் படலத்துக்கு ஆய்லர் சமன்பாட்டில் தீர்வே கிடையாது. பரப்பளவில் 1.055 மடங்கிலேயே இரண்டு தட்டுகளும் ஜெயித்துவிடுகின்றன; அதற்குப் பிறகு இடுப்புப் படலம் நிற்பது சுற்றுவட்டாரத்தில் மட்டும் குறைந்தபட்சமாக.

அறுந்தபின் கிடைத்ததை, இரு வளையங்களின் மையங்களை இணைக்கும் அச்சைச் சுற்றிச் சுழலும் வளைகோடாக எழுதிப் பாருங்கள். வளையத்திலிருந்து செங்குத்தாக அச்சுக்கு இறக்கம், அச்சின் மேலேயே ஓட்டம், அப்புறம் செங்குத்தாக ஏற்றம். இரண்டு முனைகள். இதைச் சொன்னவர் கோல்ட்ஷ்மிட், 1831-இல். முனைகள் எங்கே வந்திருக்கின்றன? சரியாக அச்சில், ஆரம் பூச்சியமாகிச் செலவே இல்லாமல் போகும் இடத்தில், குவிவு செத்துப்போகும் இடத்தில். சரிவின் விலை அங்கே பூச்சியம் என்பதால், எர்ட்மானின் நிபந்தனை அங்கே எந்த முனையையும் தடுக்காது. பத்துப் பேர் சுற்றி நிற்க, அந்தப் படலம் அறுந்த கணத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெண் "சார், மறுபடி ஒருதடவை" என்று கேட்டாள். அன்று முழுக்க அதையே செய்துகொண்டிருந்தோம்.

இப்படி இயற்கையே வழவழப்பான வட்டத்தை விட்டு வெளியே ஓடுகிறது. வையர்ஸ்ட்ராஸ் 1870-இல், குறைந்தபட்சம் இருக்கத்தான் செய்யும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் உதாரணம் காட்டினார். நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தையும் சரிவையும் பெருக்கி வர்க்கப்படுத்தினால் வருவது செலவு; மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை, இரு முனையிலும் வேறு வேறு உயரம். நடுப்புள்ளியில் ஏறுவது இலவசம். ஆகவே மொத்த ஏற்றத்தையும் நடுவில் ஓர் ஒல்லியான இடத்தில் திணித்துவிட்டால் செலவு பூச்சியத்தை நெருங்கும், தொடாது. இதற்கு மருந்தாகத்தான் ஹில்பர்ட் 1900-இல் வைத்த 23 கணக்குகளில் இரண்டு வந்தன. 20-ஆவது, தேவைப்பட்டால் தீர்வு என்ற சொல்லின் பொருளையே கொஞ்சம் அகலப்படுத்தித் தீர்வு இருப்பதை நிறுவுங்கள் என்றது. 19-ஆவது, ஒழுங்கான மாறுபாட்டுக் கணக்குகளின் தீர்வுகள் எல்லாம் பகுமுறைச் சார்புகள்தானா (ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அடுக்குத் தொடராக விரிக்க முடிந்தவைதானா) என்றது. அதாவது, அகன்ற உலகத்தில் கண்டுபிடித்த தீர்வு பழைய, வழவழப்பான உலகத்துக்குத் திரும்பி வருமா? உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது.

பல மாறிகளில் திரும்பி வருவது மிகக் கடினம். ஏன் என்று சொல்கிறேன். ஆய்லர் சமன்பாட்டை ஒருமுறை வகையிட்டால், தீர்வின் வகைக்கெழு ஒரு நேரியல் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். அந்தச் சமன்பாட்டின் கெழுக்களோ தீர்வின் சரிவைச் சார்ந்தவை. சரிவு தொடர்ச்சியானது என்று தெரிந்தால் கெழுக்களும் தொடர்ச்சியானவை. ஹோல்டர் தொடர்ச்சி என்ற அளவுக்கு, அதாவது மதிப்புகளின் வித்தியாசம் தூரத்தின் ஏதோ ஓர் அடுக்குக்குள் அடங்கும் என்ற அளவுக்கு, கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துவிட்டால் போதும், 1930-களில் ஷௌடர் தந்த தேற்றங்களைப் பிடித்துக்கொண்டு வளைவு வளைவாக மலையேறுவது போல ஒவ்வொரு வகைக்கெழுவாக ஏறிவிடலாம். ஆனால் ஆரம்பத்தில் நமக்குத் தெரிந்தது, கெழுக்கள் இரண்டு மிகை எண்களுக்கு நடுவில் எங்கோ கிடக்கின்றன என்பது மட்டுமே. முதல் வளைவுக்கே பாதை இல்லை. பெர்ன்ஷ்டைன் 1904-இல், இரண்டு மாறிகளில், தீர்வுக்கு மூன்று வகைக்கெழு இருந்தால் மீதியெல்லாம் வரும் என்றார். மோரி 1938-இல் இரண்டு மாறிகளுக்கு இடைவெளியை மூடினார். மூன்று மாறிகளிலிருந்து மேலே, ஹில்பர்ட் கேட்டதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக அது திறந்தே கிடந்தது.

அதை மூடிய இருவரும் 1928-இல் பிறந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே வேலை செய்தவர்கள். இத்தாலியின் எனியோ டி ஜோர்ஜி 1957-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் ஜான் நாஷ் வேறொரு வழியில், வெப்பம் பரவும் சமன்பாடு மூலமாக அதையே 1958-இல் அச்சிட்டார். மோசர் 1960-இல் மூன்றாவது நிறுவல் தந்தார். நாஷுக்கும் நிரென்பெர்குக்கும் 2015-இல் கணிதத்தின் உயரிய விருதான ஏபெல் பரிசு கிடைத்தது. வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கார் விபத்தில் நாஷும் அவர் மனைவியும் இறந்துபோனார்கள்.

டி ஜோர்ஜி செய்ததைச் சேர்வராயன் மலையை வைத்தே சொல்லலாம். நேரியல் சமன்பாட்டின் தீர்வை நிலப்பரப்பாக நினையுங்கள். ஓர் உயரம் வரை தண்ணீர் நிரப்புங்கள், மேலே துருத்தி நிற்பவை தீவுகள். தீவுகளின் சரிவுகளால் வரும் ஆற்றலை, கொஞ்சம் பெரிய வட்டத்தில் தண்ணீருக்கு மேலே நிற்கும் அளவை வைத்துக் கட்டுப்படுத்திவிட முடியும். கெழுக்கள் வழவழப்பா இல்லையா என்ற பேச்சே இதற்கு வேண்டாம், அவை இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தால் போதும். தீவுகள் மூடும் பரப்பு சிறியது என்றால், தண்ணீரைச் சிறிது சிறிதாக ஏற்றி வட்டத்தையும் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே போனால், பாதி வட்டத்துக்குள் தீவே மிஞ்சாது. அதன் விளைவு: வட்டத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிலையான விகிதத்திலாவது குறையும். உதாரணத்துக்குப் பத்து சதவீதம் என்று வையுங்கள். பத்து முறை பாதியாக்கினால் ஆரம் 1024-இல் ஒரு பங்கு, வித்தியாசம் சுமார் 35 சதவீதம். தூரத்தின் 0.152 அடுக்கு வேகத்தில் குறைகிறது என்று அர்த்தம். மிகவும் மெலிந்த அடுக்குதான், ஆனால் ஹோல்டர் தொடர்ச்சிக்கு அது போதும். முதல் வளைவு கிடைத்துவிட்டது, அப்புறம் ஷௌடரின் பஸ் உச்சிவரை போகும்.

தண்ணீருக்கு மேலே, கீழே என்று பிரிக்க முடிந்ததில்தான் எல்லாம் இருக்கிறது. தீர்வு ஓர் எண்ணாக இருந்தால் அது முடியும். வெக்டராக இருந்தால்? ஒரு வெக்டர் இன்னொரு வெக்டருக்கு மேலே என்று சொல்ல முடியாது. 1968-இல் டி ஜோர்ஜியே, தன் தேற்றம் சமன்பாட்டுத் தொகுதிகளுக்கு உடைந்துபோகும் என்று காட்டினார்: மூன்று மாறிகளிலிருந்து மேலே, ஒவ்வொரு புள்ளியிலும் மையத்தை விட்டு வெளியே நோக்கும் அம்பு, மையத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் நீளும். சேலம் அஞ்சு ரோடு சந்திப்பில் நட்டநடுவே நின்றுகொண்டு வெளியே போகும் திசை எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எல்லாத் திசையும் வெளியேதான். அந்த நடுப்புள்ளியில்தான் தீர்வு கெடுகிறது. அதனால் தொகுதிகளில், மிகச் சிறிய ஒரு கணத்தைத் தவிர மற்ற இடங்களில் வழவழப்பு என்பதையே நிறுவுகிறோம். சுற்றியுள்ள வெளியைவிட ஒரே ஒரு பரிமாணம் குறைந்த, பரப்பளவைக் குறைக்கும் மேற்பரப்புகளிலும் ஒரு வியப்பு உண்டு: வெளி 7 பரிமாணம் வரை இருந்தால் அவை உள்ளே எங்கும் வழவழப்பானவை, 8-இல் சைமன்ஸ் கூம்பு என்ற கூரான ஒன்று உண்மையிலேயே குறைந்தபட்சம் என்று பொம்பியேரி, டி ஜோர்ஜி, ஜுஸ்தி மூவரும் 1969-இல் நிறுவினார்கள்.

குவிவு இருந்தும், எண் மதிப்பாக இருந்தும், வழவழப்பு பாதியில் நிற்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பி மூட்டை ஏற்றிய லாரி மலையிலிருந்து இறங்கி வரும்போது அடிவாரத்தில் நிற்கும், தார்ப்பாய்க்கு மேலே கயிற்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கயிறு மூட்டையின் முதுகில் ஒட்டி வளைந்து வருகிறது, ஓர் இடத்தில் விட்டுவிட்டுக் கொக்கிக்கு நேராக ஓடுகிறது. விடும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முனை இல்லை, மூட்டைக்குத் தொடுகோடாகத்தான் விடுகிறது. ஆனால் வளைவு சட்டென்று பூச்சியமாகிவிடுகிறது. முதல் வகைக்கெழு தொடர்ச்சி, இரண்டாவது தாவுகிறது. தடை உள்ள கணக்குகளில் இதற்கு மேல் எதிர்பார்க்கவே கூடாது. பல மாறிகளில், தொடும் இடமும் விடும் இடமும் சந்திக்கும் எல்லை எவ்வளவு ஒழுங்கானது என்பதை 1977-இல் காஃபரெல்லி அவிழ்த்தார். அவருக்கு ஏபெல் பரிசு 2023-இல்.

ஒரு வேலை கொடுக்கிறேன், தம்பி. சரிவின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து வர்க்கப்படுத்துங்கள், அதோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டுங்கள். இரு முனையிலும் உயரம் பூச்சியம். கீழ் எல்லை பூச்சியம் என்றும், அதை எந்தச் சார்பும் தொடாது என்றும் காட்டுங்கள். அதற்குப் பிறகு இரண்டாம் வகைக்கெழுவின் வர்க்கத்தை ஒரு சிறிய எண்ணால் பெருக்கிச் சேர்த்து, இப்போது எத்தனை வளைவு மிஞ்சும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். முதல் பாதியைப் போடும்போது, அந்த அபராதம் வைத்த ஏற்காட்டுச் சாலையைத்தான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று இரண்டாம் வரியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.